நெய்வேலி மண்மலைகளில் பெய்யும் மழை எங்கே போகிறது? மூடிய சுரங்கத்துக்கு வடிகால் ஏன் உயிர்நாடி?

கர்நாடகத்தில் நிலக்கரிச் சுரங்கம் ஒன்றுகூடக் கிடையாது. ஆனாலும் 1997-ல் மைசூரிலிருந்து பிரிந்த சாமராஜநகர் மாவட்டத்தில், மாதேஸ்வரன் மலைக்குப் போகும் வழியில் இருக்கும் ஹனூரில் நீங்கள் ஸ்விட்சைத் தட்டினால் லைட் எரிகிறது. அந்த மின்சாரத்தின் எந்த யூனிட் எங்கிருந்து வந்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் கடலூர் மாவட்டம் நெய்வேலியில் என்.எல்.சி. நடத்தும் அனல்மின் நிலையங்களில் தமிழ்நாட்டுக்கு மட்டுமல்ல, கர்நாடகத்துக்கும் பங்கு உண்டு.

மின்சாரம் நம் வீட்டுக்கு வந்துவிடுகிறது. அதற்காகத் தோண்டிய குழியும், குழியிலிருந்து அள்ளிக் கொட்டிய மண்ணும் அங்கேயே இருக்கின்றன. அந்த மண்ணின் மேல் வருஷா வருஷம் மழை பெய்கிறது. அந்தத் தண்ணீர் எங்கே போகும்? போகிற வழியில் எதையெல்லாம் இழுத்துக்கொண்டு போகும்? சுரங்கத்தை "சீரமைத்துவிட்டோம்" என்று சொல்வது உண்மையா, பேச்சா என்பதை இந்த இரண்டு கேள்விகள்தான் தீர்மானிக்கின்றன.

முதலில், சுரங்கத்தைச் சீரமைப்பது என்றால் என்ன?

நெய்வேலியில் கிடைப்பது லிக்னைட் எனும் பழுப்பு நிலக்கரி. 1956-ல் நிறுவனம் தொடங்கியது. 1957 மே 20-ல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961-ல் லிக்னைட் கண்ணுக்குத் தெரிந்தது. நடுவில் போன நான்கு வருடங்களும் மேலே இருந்த மண்ணை அகற்றுவதிலேயே கழிந்தன.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. லிக்னைட் படிவத்தின் மேல் ஐம்பது முதல் நூறு மீட்டர் வரை மண்ணும் மணற்கல்லும் களிமண்ணும் கிடக்கின்றன. ஒரு டன் லிக்னைட் எடுக்க ஐந்து கன மீட்டருக்கும் மேல் மண்ணை அகற்ற வேண்டும். ஆண்டுக்கு 1.05 கோடி டன் எடுக்கும் திறன் கொண்ட முதல் சுரங்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலே, முழுத் திறனில் ஓடினால் ஆண்டுக்கு 5 கோடி கன மீட்டருக்கு மேல் மண். இந்தத் தொழிலில் இதற்கு 'ஓவர்பர்டன்' என்று பெயர். ஊர்க்காரர்களுக்கு அது மண்மேடு, மண்மலை.

ஆரம்பத்தில் கொட்ட இடம் இருக்காது. அதனால் சுரங்கத்துக்கு வெளியே ஒரு மலையாகக் குவிப்பார்கள். சுரங்கம் முன்னால் நகர நகர, பின்னால் காலியான குழியிலேயே மண்ணைக் கொட்டி நிரப்புவார்கள். நிரப்பிய பிறகு மேற்பரப்பைச் சமன் செய்து, மேல்மண் போட்டு, மரம் நட்டு, முடிந்தால் பயிர் செய்வதுதான் சீரமைப்பு. நெய்வேலியில் நிரப்பிய நிலத்தில் காடு வளர்த்திருக்கிறார்கள், குளம் அமைத்திருக்கிறார்கள். சத்தே இல்லாத சுரங்க மண்ணில் பயிர் செய்வது எப்படி என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஆய்வும் நடந்திருக்கிறது.

போட்டோவில் பார்த்தால் பச்சைப் பசேலென்று இருக்கும். ஆனால் அந்தப் பச்சை நிலைக்குமா என்பதைத் தண்ணீர்தான் முடிவு செய்யும்.

மழை மண்ணை எப்படித் தூக்கிச் செல்கிறது?

பெரிய மழைத்துளி ஒன்று தரையைத் தொடும்போது மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. வெறும் மண்ணில் விழுந்தால் அது ஒரு குட்டி வெடி. மண்துகள் சிதறும், மேற்பரப்பின் துளைகள் அடைபடும், தண்ணீர் உள்ளே இறங்க வழி இருக்காது. அதனால் மேலேயே ஓட ஆரம்பிக்கும்.

முதலில் மெல்லிய போர்வை மாதிரி ஓடும். பிறகு விரல் அகலக் கோடுகளாகச் சேரும். கோடுகள் கூடி முழங்கால் ஆழ ஓடையாகும். விட்டுவிட்டால் ஓர் ஆள் இறங்கி மறையும் அளவுக்குப் பள்ளம் விழும். விரல் அளவுக் கோட்டை மண்வெட்டியால் சரி செய்துவிடலாம். பள்ளம் விழுந்துவிட்டால் புல்டோசர் வேண்டும். அதனால்தான் முதல் இரண்டு மழைக்காலங்கள் மிக முக்கியம்.

இயற்கையான குன்றுக்கும் இந்த வித்தியாசம் உண்டு: குன்று ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மழையில் நனைந்து, தனக்கென்று ஓடைகளை வெட்டிக்கொண்டு, வேர்களால் தைக்கப்பட்டு நிற்கிறது. மண்மேடு நேற்றுக் கொட்டியது. உள்ளே காற்றிடைவெளி, வெளியே வேர் இல்லை, ஓடை இல்லை. தண்ணீர் தானே வழி தேடிக்கொள்ளும், பெரும்பாலும் நாம் விரும்பாத இடத்தில்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 10 ஹெக்டேர் சரிவு. மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் கனமழை. அதில் 60 சதவீதம் மண்ணில் இறங்காமல் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வடிகால் பொறியாளர்கள் பயன்படுத்தும் சூத்திரப்படி, ஓடும் விகிதத்தையும் மழை வேகத்தையும் பரப்பையும் பெருக்கி 360-ஆல் வகுத்தால் நொடிக்கு சுமார் 1.67 கன மீட்டர். அதாவது நொடிக்கு 1,670 லிட்டர். பெங்களூரில் நீங்கள் புக் செய்யும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியை ஏழே நொடியில் நிரப்பிவிடும். இது வெறும் 10 ஹெக்டேருக்கு. மண்மேடுகள் நூற்றுக்கணக்கான ஹெக்டேரில் பரவியவை.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். ஓடும் நீரின் வேகம் இரண்டு மடங்கானால், அது உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் எடை 64 மடங்கு கூடும் என்பது பழைய பாடப்புத்தகக் கணக்கு. ஆக, வடிகால் வடிவமைப்பின் முழு ரகசியமும் ஒன்றுதான்: தண்ணீரை நிறுத்த முடியாது, ஆனால் ஓட விடாமல் நடக்க வைக்கலாம்.

அதை எப்படிச் செய்கிறார்கள்?

ஏரிப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. கரை, மதகு, கலிங்கு, வரப்பு என்று நாம் வயலில் செய்வதையே சரிவில் செய்கிறார்கள்.

படிக்கட்டு: உயரமான சரிவை ஒரே மூச்சில் விடாமல் படிகளாக வெட்டுவார்கள். சரிவின் நீளம் இரட்டிப்பானால் ஒரு ஹெக்டேரில் போகும் மண் சுமார் 40 சதவீதம் கூடும். எனவே படி என்பது சரிவைத் துண்டு போடும் வேலை. ஒவ்வொரு படியின் தளமும் வெளிப்பக்கம் சாயாமல் உள்பக்கம் சற்றுச் சாய்ந்திருக்க வேண்டும். வெளிப்பக்கம் சாய்ந்தால் மழைநீர் விளிம்பைத் தாண்டி விழுந்து கீழ்ப்படியை அரித்துவிடும்.

இறங்குவழி: படிகளில் சேரும் நீர் கீழே வர, கல் பதித்த அல்லது கான்கிரீட் சரிவுக் கால்வாய் வேண்டும். அது இல்லாவிட்டால் தண்ணீர் தானே ஒன்றை வெட்டிக்கொள்ளும். கால்வாய் முடியும் இடத்தில் பெருங்கற்களைப் போட்டு நீரின் வேகத்தை அடிப்பார்கள்.

சுற்றுக் கால்வாய்: மேட்டின் அடிவாரத்தைச் சுற்றி மாலை போட்ட மாதிரி ஓடும் கால்வாய். 'கார்லண்ட் டிரெயின்' என்று ஆவணங்களில் பார்ப்பீர்கள். மேட்டிலிருந்து வரும் கலங்கல் நீரும் வெளியிலிருந்து வரும் தெளிந்த நீரும் கலக்காமல் பிரிப்பது இதன் வேலை. அதை ஒட்டி, உருண்டு வரும் மண்ணைப் பிடிக்க ஓர் அடிச்சுவர்.

வண்டல் குளம்: கால்வாய் நேராக ஆற்றில் போய்ச் சேரக் கூடாது. முதலில் ஒரு குளத்தில் நின்று மண்ணை இறக்கிவிட வேண்டும். எவ்வளவு நேரம் நிற்க வேண்டும்? அசையாத நீரில் ஒரு மீட்டர் இறங்க, 0.1 மி.மீ. மணலுக்கு இரண்டு நிமிடம் போதும். 0.01 மி.மீ. வண்டலுக்கு மூன்று மணி நேரம். 0.001 மி.மீ. களிமண் துகளுக்கு 12 நாட்களுக்கு மேல் ஆகும். சிறிய குளத்தில் மணல் நின்றுவிடும், களிமண் கலங்கலாகவே வெளியேறிவிடும் என்று அர்த்தம். அதனால்தான் ஒன்றன் பின் ஒன்றாகக் குளங்கள், தேவைப்பட்டால் படிகாரம் போன்ற பொருட்கள்.

பசுமைப் போர்வை: மரம் மட்டும் போதாது. மழைத்துளியைத் தடுப்பது தரையோடு படர்ந்த புல். நம் ஊர் வெட்டிவேர் இதற்கு உலகம் முழுக்கப் பெயர் பெற்றது. அதன் வேர் பக்கவாட்டில் படராமல் மூன்று மீட்டருக்கும் மேல் நேராக இறங்கும். சரிவுக்குக் குறுக்கே வரிசையாக நட்டால் உயிருள்ள வரப்பு மாதிரி நிற்கும். புல் பிடிக்கும்வரை தென்னை நார்ப் பாயை விரித்து மண்ணைக் காப்பாற்றலாம். இரண்டு மூன்று வருடத்தில் நார் மக்கும்போது வேர் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும்.

நெய்வேலியின் தனிச் சிக்கல் என்ன?

சுரங்கங்களுக்கு மழைத் தண்ணீர் மேலிருந்து வரும். நெய்வேலியில் கீழிருந்தும் வருகிறது. லிக்னைட் படிவத்துக்கு அடியில் இருக்கும் நிலத்தடி நீர், சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தில் மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கிறது. துளை போட்டால் 60, 70 மீட்டர் உயரத்துக்கு எழும்பும் அழுத்தம் அது. இறைக்காமல் விட்டால் சுரங்கத் தரையே பொத்துக்கொள்ளும். அதனால் சுரங்கத்தைச் சுற்றி ஆழ்குழாய்க் கிணறுகளில் ராப்பகலாகப் பம்பு ஓடுகிறது.

மேலிருந்து வருவது வடகிழக்குப் பருவமழை. கடலூர் மாவட்டத்தில் ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். 2015 நவம்பர் 9-ஐ ஒட்டிய 24 மணி நேரத்தில் நெய்வேலியில் 40 செ.மீ.க்கும் மேல் பதிவானது. அப்படி ஒரு நாளில் சுரங்கக் குழியில் நிறையும் நீரை வெளியேற்றியே ஆக வேண்டும். வெளியேற்றினால் அது போகும் இடம் பரவனாறு. பரவனாறோ தாழ்வான வயல்களின் நடுவே ஓடும் சின்ன ஆறு. சுரங்க நீரும் சேர்ந்துகொண்டால் குறிஞ்சிப்பாடி பக்கத்துக் கிராமங்கள் மூழ்குகின்றன என்பது அங்குள்ள விவசாயிகளின் நெடுநாள் குற்றச்சாட்டு.

அரிப்பின் கதையும் அதே ஆற்றில்தான் தொடர்கிறது. அதன் வழியில் வாலாஜா ஏரியும் பெருமாள் ஏரியும் இருக்கின்றன. சுரங்கப் பக்கமிருந்து வந்த வண்டல் ஏரியைத் தூர்த்துவிட்டது என்று விவசாயிகள் பல ஆண்டுகள் முறையிட்டார்கள். பின்னர் வாலாஜா ஏரி என்.எல்.சி. நிதியில் தூர்வாரப்பட்டது. வண்டல் குளத்தில் நிற்காத மண் ஏரியில் போய் நிற்கும் என்பதுதான் இதன் பாடம். ஏரியின் கொள்ளளவு குறைந்தால் கோடையில் பாசனம் போகும், மழையில் வெள்ளம் வரும். இரண்டு பக்கமும் அடி.

இதே சுரங்கங்களிலிருந்து இறைக்கும் நீர் சுற்றுவட்டார வயல்களுக்குப் பாசனமாகவும் போகிறது என்பதையும் சொல்ல வேண்டும். தண்ணீர் நல்லதா கெட்டதா என்பதல்ல கேள்வி. எவ்வளவு, எப்போது, எவ்வளவு மண்ணோடு என்பதே கேள்வி.

வடிகால் எவ்வளவு பெரிய அரசியலாகும் என்பதை 2023 ஜூலை காட்டியது. இரண்டாம் சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றைச் சுமார் 12 கிலோமீட்டருக்குத் திருப்பிவிடும் கால்வாய்ப் பணியில், வளையமாதேவியில் கதிர் நின்ற நெல்வயலில் இயந்திரங்கள் இறங்கின. மழைக்கு முன் கால்வாயை முடிக்காவிட்டால் வெள்ள அபாயம் என்றது நிறுவனம். அறுவடைவரை பொறுக்கக் கூடாதா என்று கேட்டார்கள் விவசாயிகள். ஊரே கொதித்தது, நீதிமன்றம் வரை போனது.

வடிகால் தவறினால் என்ன ஆகும்?

வேல்ஸ் நாட்டின் அபெர்ஃபான் கிராமம். 1966 அக்டோபர் 21 காலை. ஊருக்கு மேலே மலைச்சரிவில் குவித்திருந்த நிலக்கரிக் கழிவு மேடு, பல நாள் மழையில் ஊறி, சேறாகிச் சரிந்து, தொடக்கப் பள்ளி மேல் விழுந்தது. 144 பேர் இறந்தார்கள். அதில் 116 பேர் குழந்தைகள். அந்த மேட்டை ஓர் இயற்கை நீரூற்றின் மேலேயே கொட்டியிருந்தார்கள். தண்ணீருக்கு வழி விடாததுதான் காரணம்.

இந்தியாவில் 2016 டிசம்பர் 29 அன்று ஜார்க்கண்டின் ராஜ்மஹல் திறந்தவெளிச் சுரங்கத்தில் மண்மேடு சரிந்து 23 தொழிலாளர்கள் இறந்தார்கள். இதை அபெர்ஃபான் மாதிரி மழைக் கணக்கில் எழுத முடியாது. ஆனால் மண்மேடு என்பது அசையாத மலை அல்ல என்பதை இதுவும் சொல்கிறது.

கர்நாடகத்தின் சொந்தப் பாடம் கோலார் தங்கவயல். தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தொழிலாளர்கள் இறங்கிய அந்தச் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டன. தங்கம் பிரித்த பின் மிஞ்சிய 3 கோடி டன்னுக்கும் மேற்பட்ட பொடிமண், 'சயனைடு மேடு' என்ற பெயரோடு ஊர் நடுவே நிற்கிறது. காற்றடித்தால் தூசு, மழை பெய்தால் அரிப்பு. மூடும்போதே வடிகாலும் பசுமைப் போர்வையும் பணமும் ஒதுக்காவிட்டால், அந்தச் செலவு அங்கே குடியிருப்பவர்களின் தலையில் விழும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2017 நிலக்கரிச் சுரங்க ஒழுங்குமுறைப்படி, மண்மேட்டின் சரிவு 37.5 டிகிரியைத் தாண்டக் கூடாது. 30 மீட்டருக்கு மேல் உயர்ந்தால் படிகளாக வெட்ட வேண்டும்.

சுற்றுச்சூழல் அனுமதிகளில் வழக்கமாக இன்னும் கடுமையான நிபந்தனைகள் இருக்கும்: மொத்தச் சரிவு 28 டிகிரிக்குள், சுற்றுக் கால்வாய், அடிச்சுவர், வண்டல் குளம். குளமும் கால்வாயும் அந்த இடத்தில் கொட்டக்கூடிய உச்ச மழைக்கு மேல் 50 சதவீதம் கூடுதல் இடம் வைத்துக் கட்டப்பட வேண்டும்.

வெளியேறும் நீரில் மிதக்கும் மண்துகள் லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பாசன நிலத்துக்கு விடுவதாக இருந்தால் 200 மில்லிகிராம்.

பணம்? நிலக்கரி அமைச்சகம் 2009-ல் மூடல் திட்டத்தைக் கட்டாயமாக்கியது, 2013-ல் விதிகளைத் திருத்தியது. அந்த விதிகளின்படி, திறந்தவெளிச் சுரங்கத்துக்கு 2009 விலையில் ஹெக்டேருக்கு 6 லட்சம் ரூபாய் கணக்கில் எஸ்க்ரோ கணக்கில் பணம் கட்டிவர வேண்டியிருந்தது. வீடு வாடகைக்கு எடுக்கும்போது அட்வான்ஸ் கொடுப்பது மாதிரிதான். ஒழுங்காகச் செய்து முடித்தால் பணம் திரும்பக் கிடைக்கும்.

இத்தனை விதி இருந்தும் ஏன் பிரச்சனை?

விதி கட்டச் சொல்கிறது. கட்டியதைக் காலாகாலத்துக்கும் பராமரிக்க ஆள் வேண்டும். சுற்றுக் கால்வாயை ஒவ்வொரு பருவமழைக்கு முன்பும் தூர்வாராவிட்டால் இரண்டே வருடத்தில் அது மண் நிரம்பிய பள்ளம். நிறுவனம் இருக்கும்வரை ஆள் இருக்கும். போன பிறகு?

இதற்கு ஒரு பதிலாக, நேர்கோட்டுப் படிகளுக்குப் பதில் இயற்கைக் குன்று போலவே மண்ணை வடிவமைக்கும் முறை வந்திருக்கிறது. சரிவு மேலே குவிந்து, கீழே குழிந்து, நடுவே வளைந்து ஓடும் ஓடைகளோடு இருக்கும். தண்ணீர் எந்த வழியைத் தேடுமோ அந்த வழியை முன்கூட்டியே வெட்டிக் கொடுத்துவிடுவது. அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் லா பிளாட்டா சுரங்கத்தை இப்படிச் சீரமைத்தார்கள். தூர்வார வேண்டிய தேவை குறையும். ஆனால் தொடக்கத்திலேயே திட்டமிட வேண்டும், இடமும் அதிகம் பிடிக்கும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற நிறுவனம் நிபந்தனைகளை நிறைவேற்றியதா என்று ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூன் 1, டிசம்பர் 1 என்று அறிக்கை தர வேண்டும். அது பொது ஆவணம். நீங்களே படிக்கலாம். கால்வாயின் நீளமும் குளத்தின் கொள்ளளவும் எண்ணாக இருக்கிறதா, "நடவடிக்கை எடுக்கப்படுகிறது" என்று மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள்.

நேரில் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் வெயில் நாளில் போகாதீர்கள், நல்ல மழைக்கு மறுநாள் போங்கள். வேலிக்கு உள்ளே போக வேண்டியதில்லை, சாலையிலிருந்தே தெரியும். சரிவில் புதுக் கோடுகள் விழுந்திருக்கின்றனவா? படியில் தண்ணீர் தேங்கி நிற்கிறதா? கால்வாயில் மண் பாதிக்கு மேல் ஏறியிருக்கிறதா? குளத்துக்குள் வரும் நீரும் வெளியே போகும் நீரும் ஒரே நிறத்தில் இருக்கின்றனவா? ஒரே நிறம் என்றால் குளம் வேலை செய்யவில்லை, அவ்வளவுதான்.

இந்த நான்கு கேள்விகளுக்கு நிலக்கரிதான் வேண்டும் என்றில்லை. சாமராஜநகர் மாவட்டத்தில் கருங்கல் குவாரிகள் நிறைய. அங்கும் உடைத்த கல்லும் மண்ணும் மேடாகக் கிடக்கும், அங்கும் மழை பெய்யும், கீழே யாரோ ஒருவருடைய வயலும் ஏரியும் இருக்கும். அடுத்த முறை ஹனூர் பக்கம் போகும்போது பஸ் ஜன்னல் வழியாக ஒரு குவாரி மேட்டைப் பார்த்தால், அதன் அடிவாரத்தில் கால்வாய் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.